சிவிக் இகே ரேஸ் வண்டி: முன் வீல் பேரிங் சீக்கிரம் போகிறது, ஹப் பராமரிப்பு பற்றி உதவி தேவை

#1 கிள்ளான்_இகே

வண்டி ஹோண்டா சிவிக் இகே, 1.6 லிட்டர். உள்ளே எல்லாம் உரித்தது, ஓட்டுபவரையும் சேர்த்து 1000 கிலோவை ஒட்டி வரும். 15 அங்குல ரிம், 195/50 செமி ஸ்லிக் (பிடிமானம் கூடிய டிராக் டயர்). ஓடுவது மலேசியாவின் செப்பாங் டிராக்கில், கிளப் ரேஸும் டிராக் டேயும். இடது முன் பேரிங் இரண்டு மூன்று மீட்டுக்குள் (ரேஸ் நாளுக்குள்) ஊளையிட ஆரம்பித்துவிடுகிறது. வலது பக்கம் நன்றாகவே தாங்குகிறது. பின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இரண்டிலும் பிரச்சினை இல்லை.

கேட்க நினைப்பவை: எந்தப் பிராண்ட் பேரிங் ரேஸுக்குத் தாங்கும்? ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் 20 மி.மீ. ஸ்பேசர் தகடு போட்டிருக்கிறது, அதுதான் காரணமா? பேரிங்கின் சீலை (ஓர ரப்பர் மூடியை) கழற்றி ஹை டெம்ப் கிரீஸ் வைத்துப் போடலாம் என்கிறார்கள், சரியா?

#2 பிரஸ்டேபிள் (சென்னை)

பிராண்ட் அப்புறம் பார்க்கலாம் தம்பி. அதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. பேரிங்கை நக்கிளுக்குள்ள (பேரிங்கும் ஹப்பும் உட்கார்ற சஸ்பென்ஷன் உலோகத்துண்டு) எதை வச்சு அழுத்தினாங்க? ஆக்சில் நட்டை எதுல டைட் பண்ணாங்க? கழட்டின பேரிங் இன்னும் கையில இருக்கா? இருந்தா தூக்கிப் போடாதீங்க, அதுலயே பாதி பதில் இருக்கும்.

#3 கணக்குப்பிள்ளை

இடது பக்கம் மட்டும் போவதில் மர்மம் ஒன்றும் இல்லை. செப்பாங் கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக். முதல் வளைவு, மூன்றாவது, ஏழு எட்டு எல்லாம் நீளமான வலது வளைவுகள். அங்கெல்லாம் வெளிப்பக்கம் இருப்பது இடது முன்சக்கரம்.

பேரிங்கைக் கொல்வது வண்டியின் எடை அல்ல, வளைவில் டயர் அடிப்பகுதியில் வரும் பக்கவாட்டு விசை. உங்கள் வண்டிக்குத் தோராயமாகப் பாருங்கள். வேக வளைவில் இடது முன்சக்கரத்தில் 450 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். செமி ஸ்லிக் 1.2 ஜி (புவியீர்ப்பைப் போல் 1.2 மடங்கு) பிடித்தால் பக்கவாட்டு விசை 540 கிலோ. சக்கரத்தின் ஆரம் 0.28 மீட்டர். பேரிங்கை முறுக்கும் திருப்புவிசை 540 × 0.28, அதாவது ஏறத்தாழ 150 கிலோ மீட்டர் (கிலோ × மீட்டர், தூரம் அல்ல), கிட்டத்தட்ட 1480 நியூட்டன் மீட்டர். ஊருக்குள் ஓட்டும்போது வளைவில் 0.4 ஜி தொடுவதே அபூர்வம். அப்போது இது 45 கிலோ மீட்டர்தான்.

பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று, மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று. சாலை டயரிலிருந்து செமி ஸ்லிக்குக்கு மாறி பிடிமானம் 25 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும். எனவே நிரந்தரமாகத் தாங்கும் பேரிங்கைத் தேட வேண்டாம். ஆனால் நன்றாகப் பொருத்திய பேரிங் இரண்டு மூன்று மீட்டில் போகக் கூடாது. அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

#4 ஸ்லிக்_சீனி

20 மி.மீ. ஸ்பேசரை விட்டுட்டீங்களே. ஸ்பேசர் போட்டா பேரிங் போகும்னு எல்லா மெக்கானிக்கும் சொல்றாங்க.

#5 கணக்குப்பிள்ளை

கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை சீனி. 450 கிலோ × 0.02 மீட்டர் = 9 கிலோ மீட்டர். 150க்குப் பக்கத்தில் அது எங்கே? இன்னொன்று, வெளிப்பக்கச் சக்கரத்தில் பக்கவாட்டு விசை டயரின் அடியை உள்ளே தள்ளுகிறது, செங்குத்துச் சுமை ஸ்பேசர் தூரத்தில் நின்று அடியை வெளியே தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிர். கடும் வளைவில் ஸ்பேசர் பேரிங்குக்கு ஒரு துளி உதவவே செய்கிறது. நேர்பாதையிலும், உள்பக்கச் சக்கரத்திலும், கெர்ப் (டிராக் ஓர மேடு) மேல் ஏறி இறங்கும்போதும்தான் அது கூடுதல் பாரம்.

ஸ்பேசரால் வரும் உண்மையான கேடு வேறு: ஸ்டட்டில் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டில்) மரை போதாமல் போவது, ரிம் ஹப்பின் நடுமேட்டில் உட்காராமல் ஸ்டட்டிலேயே தொங்குவது, ஸ்டியரிங் இழுப்பது. அவற்றுக்காகக் கழற்றுங்கள், பேரிங்குக்காக வேண்டாம்.

#6 கிள்ளான்_இகே

@பிரஸ்டேபிள் அண்ணே, பட்டறையில் பழைய சாக்கெட்டை வைத்து 20 டன் பிரஸ்ஸில் அழுத்தினார்கள். நட் இம்பாக்ட் கன்னில் மூடியது. பழைய நட்டையே திரும்பப் போட்டார்கள். கழற்றிய பேரிங் இருக்கிறது. வெளி ரேஸின் (பேரிங்கின் வெளி வளையத்தின்) முதுகில் செம்பழுப்புப் பொடி ஒட்டியிருக்கிறது. உள்ளே ஓடுபாதையில் சம இடைவெளியில் லேசான பள்ளங்கள்.

#7 பிரஸ்டேபிள்

கிடைச்சிருச்சு. ரெண்டு தனித்தனி வியாதி.

சம இடைவெளிப் பள்ளம்னா, பிரஸ் போட்ட சுமை பந்து வழியாப் போயிருக்கு. நக்கிளுக்குள்ள பேரிங்கை இறக்கும்போது வெளி ரேஸ்ல மட்டும்தான் அழுத்தணும். உள் ரேஸ்ல சாக்கெட் பட்டா, அத்தனை டன்னும் பந்து வழியா ஓடுபாதையில பதியும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமா இருந்தாலும் முதல் மீட்லயே ஊளை வந்துடும். அடுத்த தப்பு இதுக்கு நேர் எதிர்: ஹப்பை பேரிங்குக்குள்ள இறக்கும்போது அடியில நக்கிளைத் தாங்கி வச்சு மேல அழுத்துறது. அப்பவும் சுமை பந்து வழியாத்தான் போகும். அடியில உள் ரேஸைத் தாங்குற மாதிரி ஒரு குழாய்த்துண்டு வைக்கணும்.

செம்பழுப்புப் பொடின்னா வெளி ரேஸ் நக்கிள் துளையில சுத்தியிருக்கு, இல்லேன்னா நுணுக்கமா அசைஞ்சிருக்கு. அந்த நக்கிள் துளையை அளக்காம புதுப் பேரிங் போட்டீங்கன்னா காசு தண்டம்.

முழு வேலையும் வரிசையாச் சொல்றேன்:

வண்டி தரையில இருக்கும்போதே நட்டோட நசுக்கின உதட்டை உளியால நிமித்தி, 32 மி.மீ. சாக்கெட்டுல இளக்குங்க. அப்புறம் தூக்கி ஸ்டாண்ட்ல வச்சு பிரேக் காலிப்பரை கழட்டி கம்பியில தொங்க விடுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்க வேணாம். டிஸ்க்கை ரெண்டு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். சாதா ஸ்க்ரூ டிரைவர்ல தலை வழுக்கும், சுத்தியல்ல அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் எடுங்க. நக்கிளை முழுசா வெளிய எடுங்க. வண்டியில வச்சே அடிச்சுக் கழட்டலாம்னு சொல்றவங்க சொல்லட்டும்.

பிரஸ்ஸுல ஹப்பை வெளிய தள்ளினா, வெளிப்பக்க உள் ரேஸ் பாதி ஹப்புலயே ஒட்டிக்கிட்டு வரும். பேரிங் செபரேட்டர் போட்டு இழுங்க. வரலேன்னா கிரைண்டர்ல ரேஸை முக்கால் ஆழம் வெட்டி, உளியால ஒரு தட்டு தட்டினா வெடிச்சு விடும். ஹப்போட கழுத்துல கிரைண்டர் பட்டா அந்த ஹப் குப்பைக்குத்தான், ஏன்னா விரிசல் அங்கதான் பிறக்கும். ஹப் கழண்ட பிறகுதான் பின்னால இருக்கிற தூசித் தகட்டோட ஸ்க்ரூ தெரியும். தகட்டை எடுத்துட்டு, பேரிங்கைப் பிடிச்சிருக்கிற சர்க்கிளிப் வளையத்தைக் கழட்டி, பேரிங்கைத் தள்ளி வெளிய எடுங்க.

துளையை சுத்தம் பண்ணி, போர் கேஜ்ல ரெண்டு ஆழத்துல, ஒவ்வொரு ஆழத்துலயும் மூணு திசையில அளங்க. புதுப் பேரிங்கோட வெளி விட்டத்தை மைக்ரோமீட்டர்ல அளங்க. துளை சிறுசா இருக்கணும். ரெண்டும் சமம்னாலோ, துளை கோழிமுட்டை மாதிரி 0.02 மி.மீ.க்கு மேல நீண்டிருந்தாலோ நக்கிளை மாத்துங்க. சென்டர் பஞ்ச்சால துளையில புள்ளி குத்தி இறுக்குற வேலையைப் பண்ணவே பண்ணாதீங்க. அந்தப் புள்ளி ரெண்டே செஷன்ல தேஞ்சுடும். ரேஸ் நாள்ல வேற வழியே இல்லேன்னா ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (பேரிங்கைப் பிடிச்சு வைக்கிற பசை) ஊத்தி ஓட்டலாம், அது அன்னைக்கு மட்டும்.

இறக்குறப்ப: பேரிங்கை ராத்திரியே ஃபிரீசர்ல போட்டுடுங்க, பை கட்டி. நக்கிள்ல இருக்கிற பால் ஜாயிண்டையும் ரப்பரையும் கழட்டிட்டு, அடுப்புல 100, 110 டிகிரிக்கு சூடாக்குங்க. தீ நாக்கு வேணாம். 70 மி.மீ. அளவு துளை 80 டிகிரி ஏறினா 0.06 மி.மீ. விரியும். ஃபிரீசர்ல பேரிங் இன்னொரு 0.04 சுருங்கும். கிட்டத்தட்ட கைவிரல்லயே போயிடும். பிரஸ் வேணும்னா வெளி ரேஸ் அளவுக்கு லேத்துல கடைஞ்ச வட்டத்தகடு வைங்க. கேஜ்ல பத்து டன் தாண்டினா நிறுத்துங்க, கோணலாப் போகுதுன்னு அர்த்தம்.

நட்: ஒவ்வொரு தடவையும் புதுசு. இகே சிவிக்குக்கு 181 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச்ல. ஒருத்தர் பிரேக்கை மிதிக்க, சக்கரம் காத்துல இருக்கும்போதே டைட் பண்ணணும். இழுத்த பிறகு உதட்டை ஆக்சில் காடிக்குள்ள முனை மழுங்கின உளியால நசுக்குங்க.

#8 ஸ்லிக்_சீனி

இம்பாக்ட் கன்னுல என்ன தப்பு? கூடத்தானே டைட் ஆகுது?

#9 கணக்குப்பிள்ளை

கூடுகிறதா குறைகிறதா என்றே தெரியாது, அதுதான் தப்பு. இந்த வகைப் பேரிங்கில் உள் ரேஸ் இரண்டு பாதி. ஒரு பக்கம் ஹப்பின் தோளும் மறுபக்கம் டிரைவ் ஷாஃப்ட்டின் தோளும் அழுத்த, இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்போதுதான் ஆலை வைத்த முன்சுமை (பந்துகள் ஆடாமல் இறுக்கி வைக்கும் அழுத்தம்) வருகிறது. நட் தளர்வாக இருந்தால் பாதிகள் விலகும், ஒரு வரிசைப் பந்துகள் மட்டும் சுமை தாங்கும். முட்டிய பிறகு கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் பேரிங்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மரைதான் நீளும். ஆக, ஆபத்து தளர்வில்.

இதனாலேயே டிரைவ் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு, அல்லது நட்டைக் கையால் மட்டும் மூடிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கித் தள்ளக் கூடாது. கியர்பாக்ஸ் கழற்றிய வண்டியைப் பட்டறையில் நகர்த்துகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய ஆக்சில் முனையையாவது ஹப்பில் மாட்டி, நட்டை இறுக்கிய பிறகு தள்ளுங்கள்.

#10 மினிக்காரன் (கொழும்பு)

எங்கட பழைய மினியள் ஓடுறவைக்கும் ஒரு சொல். முன் டிஸ்க் பிரேக் மினியில இருக்கிறது டேப்பர் ரோலர் சோடி. ரெண்டு பேரிங்குக்கும் நடுவில வாற ஸ்பேசர் வளையம் அந்தப் பேரிங் சோடிக்கெண்டே அளந்து வந்தது. பழைய ஸ்பேசரைப் புதுப் பேரிங்கோட கலக்காதேங்கோ, முன்சுமை மாறிப்போகும்.

டிரைவ் ஷாஃப்ட் நட்டுக்குக் கீழ வாற வெட்டுள்ள கூம்பு வளையத்தோட நேரடியா இறுக்கினால், அது ஷாஃப்ட்டைக் கவ்விப்பிடிச்சிடும், பேரிங் முழுசா நெருங்கி வராது. முதல்ல ஒரு தடிச்ச சாதா வாஷரை வைச்சு 7.5 அங்குல டிஸ்க்குக்கு 150 பவுண்ட் அடி, அதாவது 203 நியூட்டன் மீட்டர் இழுங்கோ. பிறகு கழட்டி, கூம்பு வளையத்தைப் போட்டு திரும்ப அதே அளவு. ஸ்பிளிட் பின் ஓட்டை பொருந்தாட்டில் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பொருத்தோணும், இளக்கிப் பொருத்தாதேங்கோ.

பின் ஹப்பில இடப்பக்கம் இடது மரை. தெரியாமல் பலம் போட்டால் ஸ்டப் ஆக்சிலே போயிடும்.

#11 கிள்ளான்_இகே

நக்கிள் துளையை அளந்தாயிற்று. புதுப் பேரிங்கின் வெளி விட்டமும் துளையும் ஒரு திசையில் சமம், இன்னொரு திசையில் துளை 0.03 பெரிது. நக்கிள் மாற்றுகிறேன். கிரீஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

#12 பிட்லேன்_மீனா

கிரீஸுக்கு முன்னால் சூடு. டிஸ்க் ஹப்பின் மேலேயே திருகியிருக்கிறது. நேர்பாதை முடிவில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்தால் டிஸ்க் 500 டிகிரி தாண்டுவது சாதாரணம், அந்தச் சூடு ஹப் வழியாகப் பேரிங்குக்குத்தான் இறங்கும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் 100 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும், 120ல் கெட்டியாகத் தொடங்கும். சீல் உதடு கெட்டியானால் கிரீஸ் வெளியே, தூசி உள்ளே.

நக்கிளில் பேரிங் பக்கத்தில், நிறம் மாறி அப்படியே நிற்கும் வெப்ப ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுங்கள். ஒரு மீட்டில் 120 கட்டம் கருத்திருந்தால் பேரிங்கை மாற்றிப் பயனில்லை, காற்று கொண்டுவர வேண்டும். பிரேக் டக்ட் குழாய் டிஸ்க்கின் விளிம்பில் ஊதக் கூடாது, நடுக்கண்ணில் ஊத வேண்டும். அப்போதுதான் டிஸ்க்கின் உள்துடுப்புகள் காற்றை வெளியே இழுக்கும், ஹப்பும் குளிரும். தூசித் தகட்டை வீசிவிட்டு டக்ட்டும் போடாமல் ஓடுகிறவர்கள் உண்டு. அது இரண்டும் கெட்ட நிலை, டிஸ்க்கின் கதிர்ச்சூடு நேரே சீலிலும் பால் ஜாயிண்ட் ரப்பரிலும் அடிக்கும்.

செஷன் முடிவில் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வாருங்கள். பேடாக்கில் ஹேண்ட் பிரேக் வேண்டாம், கட்டை வையுங்கள்.

சீலைத் திறப்பது பற்றி: புதுப் பேரிங்கின் சீலை நெம்பும்போது உதடு வளைந்தால் அப்புறம் அது சீலே இல்லை. கூடவே ஆலையின் கிரீஸ் பாலியூரியா, நீங்கள் வைப்பது லித்தியம் காம்ப்ளெக்ஸ் என்றால் இரண்டும் சேர்ந்து நீர்த்து ஓடக்கூடும். செய்தே தீருவேன் என்றால் பழையதை முழுக்கக் கழுவி, உலர்த்தி, காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதுசு வையுங்கள். திணித்தால் கிரீஸ் கடைபட்டு அதுவே சூட்டைக் கிளப்பும். டப்பாவில் போட்டிருக்கும் உருகுநிலையை நம்பி ஓட்டாதீர்கள். சாதா லித்தியம் கிரீஸ் உருகுநிலை 180, 190 டிகிரி, ஆனால் தொடர்ந்து வேலை செய்யும் சூடு 120, 130தான். என் கருத்தில் சீல் வைத்த பேரிங்கைத் திறக்காமல் அப்படியே போட்டு, நேரத்துக்கு மாற்றுவதே மேல்.

#13 பிரஸ்டேபிள்

மீனா சொன்னதுக்கு மேல ஒண்ணு. பிரஷர் வாட்டரை ஹப்புக்கு நேரா அடிக்காதீங்க. சூடான பேரிங்ல குளிர்ந்த தண்ணி பட்டா உள்ள காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும்.

#14 ஸ்லிக்_சீனி

போகப்போற பேரிங்கை டிராக்குக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊளை கேட்டப்புறம் லேட்தானே? ரேஸ் எக்ஸாஸ்ட்ல அதுவும் கேக்காது.

#15 பிட்லேன்_மீனா

கேட்காதுதான். அதனால் கை.

சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது புஷ். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடைப் பாருங்கள்.

காலிப்பரைக் கழற்றி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹப்பைச் சுற்றுங்கள். பந்து அரைப்பதை ஸ்பிரிங் அப்படியே விரலுக்குக் கொண்டுவரும். காதுக்கு எட்டாததும் விரலுக்கு எட்டும்.

டயல் கேஜ் காந்தத்தை நக்கிளில் ஒட்டி, முனையை ஹப் முகத்தில் வைத்து உள்ளும் வெளியும் இழுங்கள். ஹோண்டா கையேடு தரும் வரம்பு 0.05 மி.மீ. அளவைச் சக்கரவாரியாக எழுதி வையுங்கள். 0.01ல் இருந்தது அடுத்த மீட்டில் 0.03 என்றால், வரம்புக்குள் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டும்போது தெரியும் ஒரே நம்பகமான அடையாளம் பிரேக் பெடல். வேக வளைவு முடிந்து முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய் இரண்டாம் மிதியில் சரியானால், ஹப் சாய்ந்து டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளியிருக்கிறது. பிரேக் ஆயிலில் காற்றை வெளியேற்றி (பிளீட் செய்து) நேரத்தை வீணாக்காமல் பேரிங்கைப் பாருங்கள்.

செஷன் முடிந்து உள்ளே வந்ததும் இன்ஃப்ராரெட் கன்னால் இரண்டு பக்க ஹப் நடுவையும் அளந்து ஒப்பிடுங்கள். வளைவுக்கேற்ப ஒரு பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் திடீரென்று பெருகினால்தான் கவனிக்க வேண்டும்.

#16 பிரஸ்டேபிள்

எல்லாரும் பேரிங்கையே பேசுறீங்க. ஹப் உடைஞ்சா சக்கரமே தனியாப் போயிடும், அதான் பெரிய பயம். சீசனுக்கு ஒரு தடவையாவது ஹப்பை வெளிய எடுத்து டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாயம்) போட்டுப் பாருங்க: சுத்தம் பண்ணி, சிவப்பு அடிச்சு, டப்பாவுல போட்ட நேரம் விட்டு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர். கழுத்து முகத்தோட சேர்ற வளைவுலயும் ஸ்டட் துளை ஓரத்துலயும் சிவப்புக் கோடு வந்தா வெல்டிங்லாம் யோசிக்காதீங்க, தூக்கிப் போடுங்க. கெர்ப்ல பலமா ஏறின வண்டிக்கு சீசன் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

பேரிங் உட்கார்ற கழுத்தையும் மைக்ரோமீட்டர்ல அளங்க. ஒவ்வொரு தடவை பழைய ரேஸை இழுக்கும்போதும் கொஞ்சம் உரியும். புது உள் ரேஸ் கையாலயே நழுவி இறங்கினா ஹப் முடிஞ்சுது.

ஸ்டட்: இகேயில எம்12, 1.5 மரை. ஸ்பேசருக்கு நீளமான ஸ்டட் போடறதா இருந்தா பிரஸ்ஸுல இறக்குங்க. வீல் நட்டைப் போட்டு கன்னால இழுத்து ஏத்தினா ஸ்டட் அப்பவே நீண்டுடும், அப்புறம் ரேஸ்ல முறியும். வீல் நட் 108 நியூட்டன் மீட்டர், உலர்ந்த மரையில. ரிம்மோட முதுகுலயும் ஹப் முகத்துலயும் பெயின்ட் இருந்தா சூட்டுல அது நசுங்கி நட் தளரும். ரெண்டையும் சுரண்டிடுங்க, முதல் செஷன் முடிஞ்சு ஆறினதும் மறுபடி டார்க் பாருங்க.

#17 கிள்ளான்_இகே

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக, பிராண்ட்? இங்கே ஒரே பெயர் போட்ட பெட்டி மூன்று விலையில் கிடைக்கிறது.

#18 பிரஸ்டேபிள்

என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி எதுவும் ஓகே, அசல்னா. இங்க சென்னையில உதிரிபாகம் விக்கிற ஜி.பி. ரோட்டுலயும் அதே கதைதான், பெட்டியைப் பார்த்து நம்ப முடியாது. ரேஸ்ல லேசர் எழுத்து கூர்மையா இருக்கா, பெட்டியில இருக்கிற எண்ணும் பேரிங்ல இருக்கிற எண்ணும் ஒண்ணா, ரெண்டு சீலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. எஸ்கேஎஃப்புக்கு போட்டோ அனுப்பிச் சரிபார்க்கிற செயலி இருக்கு. விலை பாதின்னா வாங்காதீங்க.

#19 கணக்குப்பிள்ளை

வாங்கும்போது இடது பக்கத்துக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்றை உதிரி நக்கிளில் ஹப்போடு பொருத்தி, உதிரி ஆக்சில் முனையால் இறுக்கி, பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள். டிராக்கில் பிரஸ் கிடைக்காது. நக்கிளோடு மாற்றினால் சாதாரணக் கருவியிலேயே முடியும், பால் ஜாயிண்ட் புல்லரும் டார்க் ரெஞ்சும் இருந்தால் போதும். மாற்றியதும் டோ (சக்கரங்கள் நேரே பார்க்கின்றனவா என்ற கோணம்) ஒருமுறை அளந்துவிடுங்கள்.

#20 கிள்ளான்_இகே

உதிரி நக்கிளில் நட்டின் உதட்டை நசுக்கி வைக்கலாமா? வண்டியில் போடும்போது அதைக் கழற்றத்தானே வேண்டும்?

#21 பிரஸ்டேபிள்

நசுக்க வேணாம், பழைய நட்டே அதுக்குப் போதும். புது நட்டை நக்கிளோட கம்பியில கட்டி வைங்க, அவசரத்துல தேட வேண்டியிருக்காது. வண்டியில ஏத்தினதும் 181 இழுத்து, நசுக்கி, நட்டுக்கும் ஆக்சிலுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. ஒவ்வொரு செஷனுக்கு அப்புறமும் கோடு நேரா இருக்கான்னு பார்த்தாப் போதும்.